வாய் நிறைய மருந்து

என் வீட்டுக்காரர் பவித்ரனுக்குத் தொண்டை போய்விட்டது என்று தெரிந்ததும் ஊரில் நாலு பேர் வருத்தப்பட்டார்கள். நாற்பது பேர் டீக்கடையில் உட்கார்ந்து நிம்மதியாகப் பால் விடாத ஒரு கட்டன் சாயா குடித்தார்கள். நான் எந்தக் கூட்டத்தில் இருந்தேன் என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு பையன்னூர் சுற்றுவட்டாரம் முழுக்க அறிவிப்புச் சொல்லிப் போவது அவர் தொழில். காவுக் கோயிலில் தெய்யம் ஆட்டம் என்றாலும் கட்சி மாநாடு என்றாலும் துணிக்கடையில் தள்ளுபடி என்றாலும் அவர் குரல்தான். தொழிலை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வருகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. வீட்டுக்குள்ளும் அதே சத்தம், அதே நீட்டல். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிவை அவர் சொல்லுவார், பெரும்பாலும் நான் நினைத்ததற்கு நேர் எதிராக. எங்கள் ஒரே மகள் ஷிம்னா ஆரம்பிக்கவே மாட்டாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம், சிறுநீர் என்று பரிசோதித்துவிட்டு வந்து, சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த வாயால் மூன்று சம்பந்தம் முறிந்திருக்கிறது. முதலில் வந்த மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். "லஞ்சம் எவ்வளவு தேறும்?" என்று இவர் சிரித்துக்கொண்டே கேட்டார், அவர்கள் சிரிக்கவில்லை. இரண்டாவது பையனின் தாய்மாமன் வேறு கட்சி. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்க்காமலே, இரண்டு மணி நேரம் கட்சித் தீர்மானங்களைக் கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவதை நான் சொல்ல மாட்டேன், இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை, கெட்டது மகளின் கல்யாணம்.

கும்ப மாதத்தில் ஒரே வாரத்தில் ஐந்து காவுகளில் திருவிழா வந்தது. ஐந்துக்கும் இவர்தான். ஆறாம் நாள் காலையில் "வனஜே" என்று என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார், பழைய கதவு திறக்கிற சத்தம்தான் வந்தது. வாய்க்குள் பார்த்தால் கன்னத்திலும் நாக்கிலும் புண். கஞ்சி பட்டாலே கண்ணை மூடிக்கொண்டார்.

ஹஸீனா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆயுர்வேதம் படித்து வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வைத்தியசாலை வைத்திருக்கிற சின்னப் பெண். டார்ச் அடித்து நாக்கைப் பார்த்தாள், தொண்டையைப் பார்த்தாள்.

"பவித்ரேட்டா, ஒரு நாளைக்கு எத்தனை கட்டன் குடிக்கறீங்க?"

இவர் நாலு விரலைக் காட்டினார். நான் பக்கத்திலிருந்து பத்து விரலையும் விரித்து, பிறகு இன்னும் இரண்டைக் காட்டினேன்.

"ராத்திரி தூக்கம் கிடையாது, மிளகாய்ச் சம்மந்தித் துவையல், பன்னிரண்டு கட்டன், அதுக்கு மேல கத்தல். உடம்புச் சூடெல்லாம் வாய்க்கு வந்து உக்காந்திருக்கு" என்றாள் டாக்டர். "தாளிசபத்திரிப் பொடியைத் தேன்ல குழைச்சு ரெண்டு வேளை நக்கிச் சாப்பிடுங்க. வறட்டு இருமல் வந்தா அதிமதுரத் துண்டை வாயில அடக்கிக்கோங்க. தயிர் வேண்டாம், ஐஸ் தண்ணி வேண்டாம். முக்கியமா மத்தியானம் கண்டூஷம்."

"அது என்ன?" என்றார் இவர், கதவுக் குரலில்.

"கொப்புளிக்கறது வேற, இது வேற. பிச்சிக் கொழுந்து, திரிபலா, அதிமதுரம் போட்டுக் கஷாயம் வச்சு, வெதுவெதுன்னு வாய் நிறைய எடுத்துக்கணும். நாக்கை அசைக்கக்கூட இடம் இருக்கக் கூடாது. நிமிர்ந்து உக்காந்து அப்படியே வச்சிருக்கணும். கண்ணுலயும் மூக்குலயும் தண்ணி வரும். வந்ததும் துப்பிடணும். முழுங்கக் கூடாது, அழுக்கெல்லாம் அதுல இருக்கும்."

"அது வரைக்கும் பேசறது எப்படி, டாக்டரே?"

"அதுதான் மருந்து, பவித்ரேட்டா" என்றாள் அந்தப் பெண். அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

முதல் நாள் மத்தியானம் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாய் நிறைய கஷாயம், இரண்டு கன்னமும் உண்ணியப்பம் போல உப்பியிருந்தன. நான் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஐந்தாவது நிமிடம் கண் கலங்கி, மூக்கு ஒழுகி, எழுந்து முற்றத்துக்கு ஓடினார். அந்த ஐந்து நிமிடத்தில் நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். இந்த மனிதரிடம் பேசலாம்.

இரண்டாம் நாள் தயாராக உட்கார்ந்தேன். "ஏட்டா, உங்க தங்கச்சி கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த சேலை ஞாபகம் இருக்கா? சாம்பல் கலர்" என்று ஆரம்பித்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நான் ஆரம்பித்து நானே முடித்த முதல் பேச்சு அது. மூன்றாம் நாள் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினேன். நான்காம் நாள், அவர் அக்கா என்னைப் பற்றி 2004-ல் சொன்னது. கண்ணை உருட்டுவார், கையை ஆட்டுவார், ஒன்றும் செய்ய முடியாது. "என்ன ஏட்டா, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டு மேலே பேசுவேன். ஐந்தாவது நிமிடம் கண்ணில் தண்ணீர் வந்துவிடும், துப்பிவிட்டு வந்து பத்து நிமிடம் பதில் சொல்லுவார். ஆனாலும் மருந்து வேலை செய்தது. புண் ஆறத் தொடங்கி, குரல் பாதி திரும்பியிருந்தது.

குரல் திரும்புகிறதே என்று எனக்குக் கவலை வந்தது. காரணம், கருணன் மாஷ் வரப்போகிறார்.

ஷிம்னாவுக்கு அவள் ஆஸ்பத்திரியிலேயே மருந்து எடுத்துக் கொடுக்கிற பிரஜில்மேல் ஆசை. நல்ல பையன், அவளுக்கும் சேர்த்துப் பேசுவான். சிக்கல் அவன் அப்பா. கருணன் மாஷ் எங்கள் ஆரம்பப் பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் வாத்தியாராக இருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் ஓய்வு பெற்ற நாளில் பள்ளியில் பிரிவுபசாரக் கூட்டம். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய பேச்சை அவர் படிக்க எழுந்த நேரத்தில், பள்ளி வாசலில் இவருடைய ஜீப் டயர் பஞ்சர். டயர்தான் பஞ்சர், மைக் இல்லையே. இருபது நிமிடம் "நூறு ரூபாய்க்கு ரெண்டு சேலை" என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். மாஷ் பேசியது மேடையில் இருந்தவர்களுக்கே கேட்கவில்லை.

அதோடு போயிருக்கலாம். மறுநாள் டீக்கடையில், "மாஷோட நீளப் பேச்சைக் கேக்கறதுக்குப் பதிலா சேலை விலையைக் கேட்டாலும் புண்ணியம்" என்று சொல்லி ஊரையே சிரிக்க வைத்தார். அது மாஷ் காதுக்குப் போனது. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் முகம் திருப்பியதில்லை. இப்போது மகன் கெஞ்சிக் கேட்டதால் ஒரே ஒரு தடவை வருவதாகச் சொல்லியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு.

சனிக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் ஷிம்னா வந்து நின்றாள்.

"அம்மே, அச்சன் எதையாவது சொல்லி, மாஷ் எழுந்து போயிட்டார்னா, அதுக்கப்புறம் எனக்கு யாரும் வேண்டாம். நீங்க பாக்கவும் வேண்டாம்."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இவரிடம் போய், "நாளைக்கு வாயைத் திறக்காதீங்க" என்றேன். "நான் என்ன குழந்தையா? ரெண்டு வார்த்தை தமாஷா பேசினா பழசெல்லாம் மறந்துடும்" என்றார். பழையதைத் தமாஷாக மறக்க வைப்பாராம். நான் முத்தப்பன் தெய்வத்தை வேண்டிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை போர்க்களம். ஒரு அடுப்பில் கலத்தப்பம், இன்னொன்றில் பழம்பொரிக்கு எண்ணெய். மேடையில் ஒரே மாதிரி இரண்டு ஸ்டீல் ஜக்கு. ஒன்றில் கஷாயம், ஒன்றில் கருங்காலிப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்த சிவந்த குடிதண்ணீர். மூன்று மணிக்கு இவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வனஜே, மருந்து" என்று குரல் கொடுத்தார். நான் ஒரு ஜக்கிலிருந்து பெரிய டம்ளரில் ஊற்றி ஷிம்னாவிடம் கொடுத்தனுப்பினேன். நாலு மணிக்குள் தொண்டை இதமாக இருந்தால் குரலையாவது உயர்த்தாமல் பேசுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

இவர் வாயை நிரப்பி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாஷும் பிரஜிலும்தான். சீக்கிரம் வந்து சீக்கிரம் முடித்துக்கொண்டு போகலாம் என்று மாஷ் நினைத்திருக்க வேண்டும்.

இவர் எழுந்து முற்றத்தைப் பார்த்தார். மாஷ் அந்த முற்றத்தில்தான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வருகிற சம்பந்தியின் காலடியில் துப்ப முடியாது. உள்ளே ஓடினால் மாஷைப் பார்த்ததும் எழுந்து போனார் என்று ஆகிவிடும். உப்பின கன்னத்தோடு கை கூப்பி நின்றார். மாஷ் முகம் சிவந்தது, வீட்டு வாசலிலேயே தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார்.

நான் ஓடி வந்தேன். "மாஷே, தப்பா எடுத்துக்காதீங்க. வாயில மருந்து இருக்கு. டாக்டர் சொன்னது. கொஞ்ச நேரம் பேசக் கூடாது."

மாஷ் இவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "பேசவே முடியாதா?"

"முடியாது, மாஷே."

"அப்படின்னா நான் உக்காரறேன்" என்றார் மாஷ். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். என் முகத்திலும் மத்தியானம் மூன்று மணிக்கு வழக்கமாக அந்த வெளிச்சம் வரும்.

"ஒன்பது வருஷமா உங்ககிட்ட ஒரு விஷயம் பாக்கி இருக்கு, பவித்ரா. என் பேச்சு நீளம்னு டீக்கடையில சொன்னீங்களாம். கேக்காமலே எப்படிச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியலை. இன்னைக்குக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

ஜிப்பா பையிலிருந்து நாலு முழுத்தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் பழுப்பேறியிருந்தது. பிரஜில், "அச்சா, கல்யாண விஷயம் பேச வந்துட்டு இதெல்லாம்" என்றான். "நீ சும்மா இரு" என்றார் மாஷ். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். எங்கள் முன்னறையில் நின்று, "மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், பேச்சு நீளம்தான். பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றியது, மத்தியானக் கஞ்சிக்குப் பயறு வரவழைத்தது, ஏழு தலைமை ஆசிரியர்களின் பெயர், அவர்கள் வந்த வருடம், போன வருடம். பழம்பொரி ஆறிப்போனது. நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று, கண் காய்ந்தே இருந்தது. கஷாயம் இன்றைக்கு வீரியம் குறைச்சல் போல என்று நினைத்தேன். நடுவில் ஒரு தடவை அவர் கழுத்து அசைந்தது. முழுங்கிவிட்டுப் பேசப்போகிறார் என்று பாதி எழுந்துவிட்டேன். ஆனால் அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, திரும்பவும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாஷ் மூன்றாவது தாளை எடுத்தார்.

"நாலாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். இரண்டு வருடமாக வகுப்பில் வாய் திறக்கவில்லை. பேச வராதோ என்று பயந்து ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். 'வீட்டுல அச்சன் பேசுவார் மாஷே, நாங்க கேப்போம். எனக்குக் கேக்கத்தான் தெரியும்' என்றாள். மறுநாளிலிருந்து கஞ்சி குடித்த பிறகு அவளை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் கீழே பெஞ்சில் உட்கார்ந்தேன். தினமும் பத்து நிமிடம் அவள் பேச வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். முதல் வாரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது வாரம் தன் வீட்டு ஆட்டைப் பற்றிச் சொன்னாள். அந்த வருட ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து வரவேற்புரை சொன்னது அவள்தான். அப்பாவின் குரல் அப்படியே அவளுக்கு இருந்தது. அவள் அப்பா அன்றைக்கு வேறு ஊரில் அறிவிப்புக்குப் போயிருந்தார். முப்பத்திரண்டு வருடத்தில் நீ செய்த நல்ல காரியம் என்ன என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்."

மாஷ் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் பக்கம்தான் அன்னைக்கு உங்க சேலைச் சத்தத்துல போச்சு, பவித்ரா."

ஷிம்னா கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அந்த வரவேற்புரை எனக்குத் தெரியும், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அன்று ராத்திரி இவரிடம் அதைச் சொல்ல ஆரம்பித்ததும், இவர் நடுவில் புகுந்து வேறு எதையோ சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் இவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. உப்பின கன்னத்தின்மேல் வளைந்து, தாடைக்கு வந்து, சட்டையில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை.

மாஷ் பயந்துபோய் என்னைப் பார்த்தார். "மருந்தா?"

"ஆமா மாஷே. கண்ணுல தண்ணி வரணும்னுதான் டாக்டர் சொல்லியிருக்காங்க."

"நல்ல மருந்து" என்றார் மாஷ். தாள்களை மடித்தார். நாலாவதைப் படிக்கவில்லை. ஷிம்னா பக்கம் திரும்பி, "பிரஜிலைக் கட்டிக்க உனக்குச் சம்மதமா, மோளே? அச்சன் பேச முடியாது. நீதான் சொல்லணும்" என்றார்.

ஷிம்னா நிமிர்ந்தாள். "சம்மதம் மாஷே. ஆனா நான் வேலையை விட மாட்டேன். பெரிய மண்டபம் வேண்டாம், காவுக்குப் பக்கத்துல சின்னதா நடத்தினா போதும். அப்புறம், அச்சனை மைக் பக்கம் விடக் கூடாது."

முதலில் சிரித்தது பிரஜில். பிறகு மாஷ். இவர் சிரிக்க முடியாமல் தோள் குலுங்க, வாயைக் கையால் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். மேட மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தோம். மாஷ் ஆறிப்போன பழம்பொரியை மூன்று சாப்பிட்டார். ஆட்டோ கிளம்புகிற வரைக்கும் இவர் அதே உப்பின கன்னத்தோடு வாசலில் கை கூப்பி நின்றார். அதற்குப் பிறகு துப்பினாரா முழுங்கினாரா, நான் கவனிக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

பத்து நிமிடத்தில் ஜீப் டிரைவரிடம் போனில் பேசுகிற சத்தம் கேட்டது. "அழுதேன்னு மாஷ் சொன்னா நம்பாதேடா. மருந்து. கஷாயம் கண்ணைக் கரிச்சிருச்சு. ஹஸீனா டாக்டர் மருந்துன்னா சும்மாவா?"

நான் சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போனேன். மேடையில் கஷாய ஜக்கு இருந்தது. விளிம்பு வரைக்கும் நிறைந்து, மேலே ஆடை கட்டி, தொடாமல் இருந்தது. பக்கத்தில் குடிதண்ணீர் ஜக்கில் ஒரு பெரிய டம்ளர் அளவுக்குக் குறைந்திருந்தது.

கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வாயில் வைத்ததுமே தெரிந்திருக்கும். கசக்காத, துவர்க்காத, தினமும் குடிக்கிற தண்ணீர். ஒரு மடக்கில் முழுங்கிவிட்டு, "மாஷே, அந்தக் காலத்துல" என்று அவர் ஆரம்பித்திருக்கலாம். முக்கால் மணி நேரமும் ஆரம்பித்திருக்கலாம்.

கஷாய ஜக்கை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போனை வைத்தார்.

"முதல்லயே தெரியுமா, ஏட்டா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் முழுங்கலை?"

ஜக்கின் விளிம்பை விரலால் தடவினார். இந்த மனிதர் யோசித்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஆரம்பத்துல, மோளோட முகத்தைப் பாத்து அடக்கிக்கிட்டேன்" என்றார். "அப்புறம் மாஷ் அந்தத் தாளைப் படிச்சார். அன்னைக்கு ஜீப்புலயும் ஒரு வாய் தண்ணி வச்சிருந்திருக்கலாம், வனஜே."

நான் அவர் தோளில் கை வைத்தேன்.

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். குடிதண்ணீர் ஜக்கையும் டம்ளரையும் தானே எடுத்து வந்தார். ஷிம்னாவைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியைக் காட்டினார். அவள் புரியாமல் உட்கார்ந்தாள். இவர் எதிரே தரையில் சம்மணம் போட்டு, வாய் நிறையத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, பேசு என்று கையைக் காட்டினார்.

ஷிம்னா என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

"நம்ம வீட்டுல முன்னாடி ஒரு ஆடு இருந்துச்சே, அச்சா" என்று அவள் ஆரம்பித்தாள்.